நின்று நின்று செல்லும் கோச்சி: தென் கரையோரத்தின் சிறு புகையிரத நிலையங்கள்

புகையிரதப் பயணம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மலைநாடுதான். தேயிலைத் தோட்டங்கள், சுரங்கப் பாதைகள், பனி மூடிய மலைச் சரிவுகள் என்று அந்தப் பாதையின் அழகைப் பற்றி நிறையவே எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். அதற்குச் சற்றும் குறையாத அழகு கொண்ட இன்னொரு பாதை நம் நாட்டில் இருக்கிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து காலி வழியாக மாத்தறை வரை கடலோடு ஒட்டிச் செல்லும் கரையோரப் பாதைதான் அது.

காலிக்கும் மாத்தறைக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் விரைவுப் புகையிரதத்தையே நாடுகிறார்கள். யன்னலோரத்தில் அமர்ந்து கடலைப் பார்க்கிறார்கள். இடையில் வரும் சிறு நிலையங்களின் பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் வண்டி அதைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அந்தப் பலகைகளுக்குப் பின்னால்தான் இந்தக் கரையோரத்தின் வாழ்க்கை இருக்கிறது. கயிறு திரிக்கும் பெண்களும், ரேந்தை பின்னும் பெண்களும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளும், மீன் கூடையோடு ஏறும் தாய்மாரும் அந்தச் சிறு நிலையங்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள். எனவே இம்முறை விரைவு வண்டியை விட்டுவிட்டு, நின்று நின்று செல்லும் சாதாரண வண்டியில் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

பாதை பிறந்த கதை

இலங்கையில் முதன்முதலாகப் புகையிரதம் ஓடியது 1864 ஆம் ஆண்டில், கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையில். கோப்பியை மலைநாட்டிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அன்றைய ஆட்சியாளரின் முதல் நோக்கமாக இருந்தது. கரையோரப் பாதை அதற்குப் பிறகுதான் வந்தது. 1870களின் பிற்பகுதியில் கொழும்பிலிருந்து தெற்கு நோக்கிப் போடத் தொடங்கிய பாதை படிப்படியாக நீண்டு, 1894 இல் காலியையும் 1895 இல் மாத்தறையையும் அடைந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பல நூற்றாண்டுகளாகக் காலியே கப்பல்கள் வந்து தங்கும் பெரிய துறைமுகமாக இருந்தது. 1885 இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புக் கட்டி முடிக்கப்பட்டதும் கப்பல்கள் கொழும்புக்கே வரத் தொடங்கின. காலித் துறைமுகம் களையிழந்த பின்னர்தான் அந்த ஊருக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது. ஆயினும் தேங்காய், தும்பு, கறுவா என்பவற்றைக் கொழும்புக்கு அனுப்பவும், ஊர் மக்கள் போய்வரவும் அது பேருதவியாக அமைந்தது.

அதன்பின் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாத்தறையோடு முடிந்திருந்த பாதை, 2019 ஏப்ரலில் பெலியத்த வரை நீடிக்கப்பட்டது. வடக்கில் வாழும் நம் சகோதரிகளுக்கும் இந்தப் பாதை முற்றிலும் அந்நியமானதல்ல. வவுனியாவுக்கும் மாத்தறைக்கும் இடையில் நீண்ட காலம் ஓடிய 'ரஜரட்ட ரெஜின' வண்டி, வன்னி மண்ணையும் தென்கோடியையும் ஒரே தண்டவாளத்தில் இணைத்தது.

தலைநகரின் கடலோரம்

கோட்டையை விட்டு வண்டி புறப்பட்டதும் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடல் வண்டியோடு கூடவே வருகிறது. தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் இருப்பது கருங்கற்களை அடுக்கிய ஒரு தடுப்பு மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கடல் கொந்தளிக்கும்போது, அலையின் நீர்த்துளி யன்னல் வழியாக முகத்தில் தெறிப்பதும் உண்டு.

வெள்ளவத்தை நிலையத்தில் தமிழ்ப் பேச்சு தாராளமாகக் காதில் விழும். யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் இந்த நிலையத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில்தான் வாடகை வீடு தேடிக் குடியேறின. மாலை வேளையில் கடற்கரையில் காற்று வாங்கிக் கொண்டு பிள்ளைகளை விளையாட விடும் தாய்மாரை இன்றும் காணலாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. இந்தப் பகுதியில் தண்டவாளத்தின் மேலே நடப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அலையின் இரைச்சலில் வண்டி வரும் சத்தம் கேட்பதில்லை. கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் நின்று உயிரிழந்தவர்கள் பலர். பிள்ளைகளின் கையை விடாதிருப்பது நம் கடமை.

கல்கிசையைத் தாண்டினால் இரத்மலானை. நாட்டின் புகையிரத எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுதுபார்க்கும் பெரிய வேலைத்தலம் இங்குதான் இருக்கிறது. அடுத்து வரும் அங்குலானையும் லுனாவவும் மீனவர் வாழும் ஊர்கள். வீட்டு முற்றமும் தண்டவாளமும் ஒன்றுதானோ என்று எண்ணும் அளவுக்கு வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கொடியில் உடுப்புக் காயப்போடும் பெண்ணின் முகத்தையும், திண்ணையில் அமர்ந்து வலையைத் தைக்கும் கிழவரின் விரல்களையும் வண்டிக்குள் இருந்தே பார்த்துவிடலாம். கடலரிப்பினால் இங்கு ஆண்டுதோறும் நிலம் குறைந்துகொண்டே போகிறது. முன்னால் கடலும் பின்னால் தண்டவாளமுமாக இருக்கும் ஒரு துண்டு நிலத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணின் கவலையை, உல்லாசப் பயணிகளின் புகைப்படங்கள் காட்டுவதில்லை.

காலையில் இந்தப் பகுதிக்கு எதிர்த்திசையில், அதாவது கொழும்பை நோக்கி வரும் அலுவலகப் புகையிரதங்களைப் பார்க்க வேண்டும். பாணந்துறை, வாதுவை, களுத்துறை என்று தூரத்து ஊர்களிலிருந்து பருவச்சீட்டோடு வருகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, ஓட்டமும் நடையுமாக நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். பஸ்ஸை விடப் புகையிரதக் கட்டணம் குறைவு என்பதால், சம்பளத்தில் மிச்சம் பிடிக்க அவர்களுக்கு இதுவே வழி.

தென்னையும் தும்பும்

மொறட்டுவை தச்சுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பாணந்துறையைக் கடந்ததும் நகரத்தின் நெரிசல் குறைந்து தென்னந்தோப்புகள் தொடங்குகின்றன. வாதுவையிலும் களுத்துறையிலும் ஒரு தென்னையின் உச்சியிலிருந்து மற்றத் தென்னையின் உச்சிக்குக் கயிறு கட்டியிருப்பதைக் காணலாம். கள்ளுச் சீவுபவர்கள் ஒவ்வொரு மரமாக இறங்கி ஏறாமல், அந்தக் கயிற்றின் மேல் நடந்தே அடுத்த மரத்துக்குப் போகிறார்கள். கால் தவறி விழுந்து இறந்தவர்களும் ஊனமானவர்களும் உண்டு. அவர்களின் மனைவிமார் ஒவ்வொரு நாளும் எந்த மனநிலையில் வழியனுப்பி வைப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

களுத்துறை வடக்கு நிலையத்துக்கும் களுத்துறை தெற்கு நிலையத்துக்கும் இடையில் வண்டி களு கங்கையைக் கடக்கிறது. ஒருபுறம் ஆறு அகன்று கிடக்க, மறுபுறம் அது கடலோடு கலக்கும் முகத்துவாரம் தெரியும். களுத்துறை மங்குஸ்தான் பழத்துக்கும், ஓலையால் இழைக்கும் கூடை, பெட்டி, கைப்பைகளுக்கும் பெயர் பெற்றது. ஓலையைச் சீவி, அவித்து, சாயம் தோய்த்து, காயவைத்து இழைப்பது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டியை இழைத்துப் பழகிய கைகளுக்கு இந்த வேலை உடனே பிடிபட்டுவிடும்.

அப்பால் கட்டுக்குருந்த, பயாகல வடக்கு, பயாகல தெற்கு, மக்கொன என்று சிறு நிலையங்கள். சிலவற்றில் ஒரு மேடையும் ஒரு கூரையும் தவிர வேறெதுவும் இல்லை. அதைத் தாண்டி பேருவளை. அரபு வணிகர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து இறங்கிய துறைகளில் ஒன்று இது. கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைத் திடலின் மீது வெள்ளை வெளேரென்று நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசல் தொலைவிலிருந்தே கண்ணில் படும். இங்கிருந்து அளுத்கமை வரை தமிழைத் தாய்மொழியாகப் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. வண்டியில் உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது ஒரு உம்மா, "எங்கால மகள் வாறீங்க?" என்று விசாரித்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆற்றைத் தாண்டினால்

அளுத்கமைக்கும் பெந்தோட்டைக்கும் நடுவே ஓடும் பெந்தர கங்கையே மேல் மாகாணத்துக்கும் தென் மாகாணத்துக்கும் எல்லை. பாலத்தைக் கடந்தால் பயணத்தின் தன்மையே மாறிவிடும். இனிமேல் பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவதற்காக நமது வண்டி ஏதாவது ஒரு நிலையத்தில் காத்திருக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் மோதாமல் இருக்க, வளையம் ஒன்றில் கோத்த உலோகத் தட்டை நிலைய அதிபர் சாரதியிடம் கொடுத்து அனுப்பும் முறை இப்பாதையில் நெடுங்காலம் இருந்தது. அந்தத் தட்டு கையில் இல்லாத சாரதி அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. சிறு நிலையத்தில் கடமையாற்றும் ஒருவரின் கவனத்தில் எத்தனை உயிர்கள் தங்கியிருந்தன என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

இந்தக் காத்திருப்பு நேரம் வீணானது அல்ல. இந்துருவ, கொஸ்கொட, அஹுங்கல்ல, பலப்பிட்டிய போன்ற இடங்களில் வண்டி நிற்கும்போது, நிலையத்தின் பூமரங்களில் குயில் கூவும் சத்தம் வரை கேட்கும். கச்சான், அவித்த சோளம், இறால் வடை என்று வியாபாரிகள் பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்குவார்கள். கொஸ்கொட கடற்கரைக்குக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அம்முட்டைகளைக் காத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் இடங்கள் அங்கு பல உள்ளன. பலப்பிட்டியவில் கடலைச் சேரும் மாது கங்கையின் சதுப்பு நிலம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2003 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் கறுவாத் தோட்டங்கள். கறுவாக் குச்சியின் புறத்தோலைச் சுரண்டி, உள்பட்டையை உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் காயவைக்கும் வேலையில் குடும்பமே ஈடுபடுகிறது. நாம் கறிக்கும் வட்டிலப்பத்துக்கும் போடுகிற ஒரு துண்டுக் கறுவாவுக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

அம்பலாங்கொடை, முகமூடி செதுக்கும் கலைக்குப் பெயர்பெற்ற ஊர். அதை விட்டு வண்டி புறப்பட்டதும் மாதம்பகம, அக்குரல, கஹவ என்ற நிலையங்கள் வருகின்றன. கடல் மறுபடியும் கண்ணில் படுகிறது. அடுத்து வருவது தெல்வத்தை.

தெல்வத்தையில் ஒரு நிமிடம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். நத்தாருக்கு மறுநாள் என்பதால் கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட 'சமுத்திர தேவி' புகையிரதத்தில் சனம் நிரம்பி வழிந்தது. காலை ஒன்பதரை மணியளவில் தெல்வத்தைக்கு அருகே, பெரலிய என்ற கிராமத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது முதல் அலை வந்து அதை நிறுத்தியது. தண்ணீருக்குப் பயந்து ஓடிவந்த ஊர் மக்கள், இரும்புப் பெட்டிகள் பாதுகாப்பானவை என்று நம்பி உள்ளே ஏறினார்கள். தாய்மார் பிள்ளைகளை யன்னல் வழியே வண்டிக்குள் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் வந்த இரண்டாவது பெரிய அலை, பெட்டிகளைத் தீப்பெட்டிகளைப் போலத் தூக்கி எறிந்தது. ஆயிரத்து எழுநூறு பேர் வரை, அல்லது அதற்கும் மேலாக, அந்த ஓரிடத்தில் மாண்டு போனார்கள். உயிரிழப்பின் எண்ணிக்கையில் உலகின் மிக மோசமான புகையிரத அனர்த்தம் இது என்று கூறப்படுகிறது.

கடல் பொங்கிய செய்தி எட்டியதும் மருதானையிலுள்ள கட்டுப்பாட்டு அறையினர் வண்டிகளை நிறுத்த முயன்றார்கள். வேறு சில வண்டிகளை நிறுத்தவும் முடிந்தது. ஆனால் இந்த வண்டி அம்பலாங்கொடையில் நின்றபோது, ஊழியர்கள் வண்டி வேலையில் இருந்ததால் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கவில்லை என்று பின்னர் செய்திகள் தெரிவித்தன. யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நிலையத்தில் மேலதிகமாக ஓர் ஆள் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை நாம் உணர வேண்டும்.

இந்தக் கரையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சுண்ணாம்புக்காக முருகைக்கல் அகழும் தொழில் அக்குரல முதல் ஹிக்கடுவை வரை நெடுங்காலம் நடந்தது. அனர்த்தத்தின் பின் செய்யப்பட்ட ஆய்வொன்று, முருகைப் பாறைகள் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலையின் வேகம் தணிந்ததையும், அவை அகழப்பட்டிருந்த பெரலியவில் அலை பல மடங்கு உயரத்தோடு வெகுதூரம் உட்புகுந்ததையும் எடுத்துக் காட்டியது. இரண்டு இடங்களுக்கும் இடையில் சில மைல்கள்தான். கடல் தந்த மதிலை நாமே உடைத்தால், விலையை நமது பிள்ளைகள்தான் கொடுக்க நேரிடும்.

பல ஊர்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் இறந்தார்கள் என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆண்பிள்ளைகள் நீந்தவும் மரமேறவும் பழகியிருந்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு அது பழக்கப்படவில்லை. கையிலும் இடுப்பிலும் பிள்ளைகளோடு ஓடிய தாய்மாரால் வேகமாக ஓட முடியவில்லை. கிழக்கில் கல்முனை, மருதமுனை, காத்தான்குடி என்று நமது ஊர்களும் கண்ட அதே துயரம்தான். கடலோர ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்பதும், அபாய எச்சரிக்கை வந்தால் எந்த வழியால் மேட்டு நிலத்துக்குப் போவது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பதும் ஆடம்பரமல்ல. அவை உயிர் காக்கும் அறிவு.

பிய்த்தெறியப்பட்ட தண்டவாளத்தை இரண்டு மாதத்துக்குள், 2005 பெப்ரவரியில், நமது புகையிரத ஊழியர்களே மீளமைத்து வண்டி ஓடச் செய்தார்கள். இன்று பெரலியவில் நினைவுத்தூபியும், ஜப்பானியரின் உதவியுடன் எழுப்பப்பட்ட உயர்ந்த புத்தர் சிலையும் நிற்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று புகையிரதம் அவ்விடத்தில் நிறுத்தப்பட்டு நினைவுகூரல் நடக்கிறது. சாதாரண நாளில் தெல்வத்தையில் வண்டி நிற்பது ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் மரித்தவர்களுக்காகப் பிரார்த்திக்கலாம்.

காலிக்கு அப்பால்

சீனிகம, ஹிக்கடுவை, தொடந்துவை, கிந்தோட்டை வழியாக வண்டி காலியை அடைகிறது. டச்சுக்காரர் பலப்படுத்திய கோட்டை, 1988 முதல் உலக மரபுரிமைத் தலமாக இருக்கிறது. தமிழ் மொழிக்கும் இந்த ஊரோடு பழைய உறவுண்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டொன்று 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், பாரசீகம் என்பவற்றோடு அதில் இடம்பெற்ற மூன்றாவது மொழி தமிழ். மாத்தறைக்கு அருகே தேவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாரைத் தமிழ்ப் பகுதி போற்றுகிறது. அந்தக் கல்லைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம்.

காலியில் தண்டவாளம் முடிந்துவிடுவதால், மாத்தறைக்குப் போகும் வண்டி வந்த வழியே பின்னோக்கித் திரும்பிப் புறப்படும். இதனால் அதுவரை கடல் பக்கம் அமர்ந்திருந்தவர்கள் தரைப் பக்கத்துக்கும், தரைப் பக்கம் இருந்தவர்கள் கடல் பக்கத்துக்கும் மாறிவிடுகிறார்கள். இடத்துக்காகச் சண்டை பிடித்த பிள்ளைகளைச் சமாதானப்படுத்த இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

உனவட்டுன, தல்பே, ஹபராதுவ தாண்டி கொக்கல. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர். அவர் பிறந்த வீடும் நாட்டார் கலை நூதனசாலையும் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளன. கிராமத்துப் பெண்கள் பயன்படுத்திய அகப்பை, உரல், அம்மி, விளக்கு என்று அங்குள்ள பொருட்களைப் பார்த்தால் நமது பாட்டிமாரின் குசினிக்குள் நுழைந்தது போலிருக்கும். அதே கொக்கலவில் 1991 இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதிப் பதப்படுத்தல் வலயமும் இருக்கிறது. வேலை முடியும் நேரத்தில் சுற்றுவட்டாரத்து நிலையங்களில் நிற்கும் இளம் பெண்களில் அநேகர் அங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். அந்த வண்டி அரை மணித்தியாலம் தாமதித்தால், அவர்கள் இருட்டில் தனியே வீட்டுக்கு நடக்க வேண்டும்.

கத்தலுவ, அஹங்கம பகுதிகளில் தென்னந்தும்புத் தொழில் இன்னும் முற்றாக மறையவில்லை. பொச்சுமட்டையைக் களப்பு நீரில் மாதக்கணக்காக ஊறப்போட்டு, எடுத்து, பொல்லால் அடித்துத் தும்பாக்கி, காயவைத்துக் கயிறாகத் திரிக்கிறார்கள். இடுப்பளவு சேற்று நீரில் இறங்கி நாற்றத்தைப் பொறுத்துச் செய்யும் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர்கள் பெண்களே. இளையவர்கள் இப்போது இதற்கு வருவதில்லை.

மிதிகம நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் கடல். வெலிகமவில் பிறைபோல் வளைந்த விரிகுடா. வெலிகமவுக்கும் காலிக்கும் உரிய மற்றொரு சிறப்பு 'பீரலு' ரேந்தை. தலையணை போன்ற ஒரு திண்டின் மேல் மாதிரி வரைந்த கடதாசியை வைத்து, ஊசிகளைக் குத்தி, மரச்சுருள்களில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுகிறார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த கலை எனினும் அதைக் காத்து வந்தவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். ஓரங்குல ரேந்தைக்குப் பின்னால் எவ்வளவு நேரமும் கண்பார்வையும் இருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் அதன் விலையைப் பேரம் பேச மாட்டார்கள்.

மிரிஸ்ஸ, கம்புறுகமுவ, வல்கம என்று கடைசிச் சில நிறுத்தங்கள். பிறகு நில்வள கங்கை கடலைச் சேரும் மாத்தறை.

பெண்ணின் கண்ணால் பார்த்தால்

இந்த அழகிய நிலையங்களைப் பெண்ணின் கண்ணால் பார்க்கும்போது குறைகளும் தெரிகின்றன. பல சிறு தரிப்புகளில் மலசலகூடம் இல்லை; இருந்தாலும் பூட்டிக் கிடக்கிறது அல்லது பயன்படுத்த முடியாத நிலையில் இருக்கிறது. மாலையானால் மேடையில் போதிய வெளிச்சம் இல்லை. மேடை தாழ்வாகவும் வண்டியின் படி உயரமாகவும் இருப்பதால் கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஏறுவது சிரமம்.

வண்டிக்குள்ளும் பெண்ணுக்கு நிம்மதியில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் 90 வீதமான பெண்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது பஸ்ஸிலோ புகையிரதத்திலோ பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகியிருக்கிறார்கள். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே. வெட்கப்பட வேண்டியவர் தொந்தரவு செய்பவரே அன்றிப் பாதிக்கப்பட்டவர் அல்ல. 1995 இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் இது ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். உரத்துக் குரல் கொடுங்கள். பக்கத்தில் இன்னொரு பெண் குரல் கொடுத்தால் அவருக்குத் துணையாக எழுந்து நில்லுங்கள். 119 என்ற பொலிஸ் அவசர இலக்கத்தையும், பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கத்தையும் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

ஒரு விளக்கு, ஒரு சுத்தமான மலசலகூடம், மழைக்கு ஒதுங்க ஒரு கூரை. பெரிய திட்டங்களோடு ஒப்பிட்டால் இவை சிறு செலவுகள். ஊரிலுள்ள மாதர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எழுத்து மூலம் கேட்டால் கவனிக்காமல் இருக்க முடியாது. ஒருத்தியின் முறைப்பாடு மேசையில் தூங்கலாம். நூறு பேர் கையெழுத்திட்ட மனு தூங்காது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

• கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்கள் இப்பயணத்துக்கு உகந்தவை.

• கொழும்பிலிருந்து தெற்கே போகும்போது கடல் வலப்பக்கத்தில் இருக்கும். எனவே வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள்.

• அலுவலக நேரத்து நெரிசலைத் தவிர்த்து, முற்பகல் வண்டியைத் தெரிவு செய்யுங்கள். சிறு நிலையங்களில் எல்லா வண்டிகளும் நிற்பதில்லை. இறங்குமுன் திரும்பிவரும் வண்டியின் நேரத்தைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

• ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். இரண்டு அல்லது மூன்று நிலையங்களைத் தெரிந்தெடுத்தால் போதும்.

• குடிநீரும் உணவும் கையில் இருக்கட்டும். வெளிச்சம் இருக்கும்போதே பெரிய நிலையமொன்றுக்குத் திரும்பிவிடுங்கள்.

• பிள்ளைகளை வாசற்படியில் நிற்கவோ யன்னலுக்கு வெளியே தலையை நீட்டவோ விடாதீர்கள். பாலங்களும் கம்பங்களும் மிக நெருக்கத்தில் வருகின்றன.

• கயிறு, ரேந்தை, ஓலைப் பெட்டி என்று ஏதாவது வாங்கினால், செய்தவரின் கையிலேயே காசைக் கொடுங்கள்.

• சிங்களம் தெரியாது என்று தயங்க வேண்டாம். 'அம்மா', 'அக்கா' என்ற சொற்கள் இரு மொழிக்கும் பொதுவானவை. நமது 'கோச்சி'யை அவர்கள் 'கோச்சிய' என்கிறார்கள். ஒரு புன்னகையோடு கேட்டால், பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்கார்ந்து இடம் தருவார். பிள்ளைக்கு ஒரு கச்சான் சுருளையும் நீட்டுவார்.

அடுத்த பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு இந்த வண்டியில் ஏறிப் பாருங்கள், சகோதரிகளே. மூன்று மொழியிலும் எழுதியிருக்கும் பெயர்ப்பலகைகளைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் யார் வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். நம் நாட்டை அறிந்துகொள்ள அதுவே நல்ல பாடம்.